உமித் திண்டைத் திருப்பி அனுப்புவது பற்றிச் சித்திக்கு

என் மதிப்புக்கும், கொஞ்ச காலமாக என் கோபத்துக்கும் உரிய சித்திக்கு,

உங்கள் அக்காவின் இரண்டாவது பிள்ளை வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் நலம். அங்கே நீங்களும் நலமாக, நிதானமாக, உங்கள் மூச்சை நீங்களே கவனித்தபடி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததை அப்பா போனில் சொல்லியிருப்பார். அந்த ஆபரேஷன் நடக்காமலே போயிருக்கும், வலது கண்ணின் பார்வையும் அதோடு போயிருக்கும், அதற்குக் காரணம் நீங்கள் எனக்குக் கற்றுக்கொடுத்த தியானம் என்பதை அவர் சொல்லியிருக்க மாட்டார். அவருக்கே அது முழுசாகத் தெரியாது. அதனால் நான் சொல்கிறேன். தியானத்துக்கு உட்கார நீங்கள் வாங்கிக் கொடுத்த உமித் திண்டைப் பழைய திரைச்சீலையில் சுற்றி, சணல் கயிறு போட்டு இறுகக் கட்டி, வாசல் பக்கம் வைத்துவிட்டேன். நாளை கூரியரில் கிளம்பும். அதற்கு முன்னால் விஷயம் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இப்போதே உட்கார்ந்து எழுதுகிறேன். நாற்காலியில், இரண்டு கண்களையும் நன்றாகத் திறந்துகொண்டு.

ஆரம்பித்தது எப்படி என்று உங்களுக்கு ஒரு கதை ஞாபகம் இருக்கும். என் கதை வேறு. அடுத்தவர்கள் எழுதிய புத்தகங்களின் கடைசியில் எந்தப் பொருள் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு அடைவு வருமே, அதைத் தயாரிப்பது என் வேலை. உலகத்தில் யாரும் நன்றி சொல்லாத வேலைகளில் அதுவும் ஒன்று, வீட்டிலிருந்தே செய்கிறேன். வீடு என்றால் உங்களுக்குத் தெரியும், ஹாலில் அம்மாவின் தையல் மிஷின், ஒரு பீரோ, பீரோவுக்குப் பின்னால் நான். பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கும் மாதங்களில் அந்த மிஷின் ரயில் மாதிரி ஓடும். ஒருநாள் ஒரு தடித்த வரலாற்றுப் புத்தகத்தின் பாதியில் பக்க எண்கள் எல்லாம் குழம்பிப்போய், "இந்த மிஷினைத் தூக்கி ஜன்னல் வழியா போடப்போறேன்" என்று கத்திவிட்டேன். அம்மா தைத்துக்கொண்டிருந்த கால்சட்டையை முடித்துவிட்டு உங்களுக்கு போன் செய்தார். மறுநாள் நீங்கள் திண்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றீர்கள்.

"கோபம் எங்கேருந்து வருதுன்னு தெரியுமா உனக்கு?" என்று கேட்டீர்கள்.

"ஹால்லேருந்து" என்றேன்.

தியான முகாமுக்குப் போய்வந்த பிறகு நீங்கள் சிரிக்கிறீர்களே ஒரு சிரிப்பு, எதிரில் இருப்பவருக்குக் காய்ச்சல் என்று முடிவு செய்துவிட்ட சிரிப்பு, அதைச் சிரித்தீர்கள். பிறகு சட்டங்களைச் சொன்னீர்கள். தினமும் காலையில் அரை மணி நேரம். முதுகு நேராக. மூன்று மாதத்துக்கு ஒருநாள்கூட விடக் கூடாது; விட்டால் அத்தனையும் தண்டம், மறுபடி முதலிலிருந்து. நான் தலையாட்டினேன். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஞானம் வேண்டியிருக்கவில்லை. யாரும் கூப்பிடாத அரை மணி நேரம் வேண்டியிருந்தது. இந்த வீட்டில் குளியலறைக்குள் இருக்கும்போதே கதவைத் தட்டி "உள்ள இருக்கியா?" என்று கேட்பார்கள். அதனால் நீங்கள் அம்மாவைக் கூப்பிட்டுக் கண்டிப்பாகப் பேசியபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"அக்கா, அவ உட்கார்ந்திருக்கும்போது யாரும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டாலும் பிரயோஜனம் இல்ல. ஒழுங்கா உட்கார்ந்துட்டான்னா பக்கத்துல இடி விழுந்தாக்கூட அவ காதுல விழாது."

"ஐயையோ, செவிடாயிடுவாளா?" என்றார் அம்மா.

"அந்த அரை மணி நேரம் மட்டுந்தான்க்கா."

அந்த ஒரு வாக்கியம், சித்தி. யார் காதில் விழவில்லை இடி? உங்கள் காதிலா? முகாமில் பக்கத்துப் பெண்மணி குறட்டை விட்டதால் அறையை மாற்றித் தரச் சொன்னீர்கள் என்று நீங்களே ஒருமுறை சொல்லியிருக்கிறீர்கள். சரி, மேலே போகிறேன்.

உட்கார்ந்தேன். முதல் நாள் முழங்கால் வலித்தது. இரண்டாம் நாள் அந்த முழங்கால் வலித்ததைப் பார்த்து இந்த முழங்காலும் வலித்தது. நீங்கள் குரல் பதிவு அனுப்பினீர்கள்: "எண்ணங்கள் விருந்தாளிங்க மாதிரி. வரட்டும், போகட்டும்." உங்கள் அக்கா வீட்டுக்கு வந்த விருந்தாளி எவராவது போய்ப் பார்த்திருக்கிறீர்களா? என் எண்ணங்களும் அப்படித்தான். வந்தவை கால் நீட்டி உட்கார்ந்துகொண்டு, அடுத்தவர்களையும் கூப்பிட்டுக்கொண்டன. எனக்கு எந்தக் கஷ்டம் வந்தாலும் புத்தகம் தேடுவதுதானே வழக்கம். தியானத்தைப் பற்றி நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்தேன். எல்லாப் புத்தகமும் முதல் அத்தியாயத்தில் இதைப் புத்தகத்தால் கற்க முடியாது என்று சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு முந்நூறு பக்கம் எழுதியிருக்கிறது. என் தொழில் புத்தி, கடைசிப் பக்கங்களைத்தான் முதலில் புரட்டினேன். அமைதி இருக்கிறது, ஆனந்தம் இருக்கிறது, வெறுமை பத்துப் பதினைந்து இடத்தில் இருக்கிறது. முழங்கால் இல்லை. அம்மா இல்லை. ஒரே வீட்டில் மற்றவர்களோடு வசிப்பது என்ற தலைப்பு ஒன்றில்கூட இல்லை. இவர்கள் எல்லோரும் எங்கே உட்கார்ந்து எழுதினார்கள்?

உங்கள் வற்புறுத்தலால் உங்கள் தியானக் குழுவுக்கும் ஒருமுறை போனேன், டயர் கடைக்கு மேலே இருக்கும் ஹாலில் நடக்கிறதே, அதற்கு. குழுவை நடத்துகிறவர் தூங்குகிற குழந்தை எழுந்துவிடக் கூடாது என்பதுபோலப் பேசினார். விளக்கை அணைத்துவிட்டு எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து அதே வெண்ணெய்க் குரலில், "யாரோ ரெண்டு பேர் கண்ணைத் திறந்திருக்கீங்க" என்றார். ஒருத்தி நான்தான், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொருவர் யார் என்று, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் ஒவ்வொருவரிடமும் என்ன உணர்ந்தீர்கள் என்று கேட்டார். ஒருவர் வெளிச்சம் என்றார், ஒருவர் கடல் என்றார். என் முறை வந்தபோது "கால் மரத்துப்போச்சு" என்றேன். "அருமை" என்றார். கால் மரத்துப்போவதில் அருமை என்ன என்று கேட்டிருப்பேன். எழுந்து நிற்க முடியாததால் கேட்கவில்லை.

இதோடு விட்டிருந்தால் இது சாதாரணத் தோல்வியாக முடிந்திருக்கும். என் திமிர் விடவில்லை. ஒருநாள் காலை பீரோவுக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவில் திண்டைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் அம்மாவின் காலடி வந்து நின்றது. மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அடுத்து என் முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய எவர்சில்வர் தட்டு தரையில் விழுந்தது. விழவில்லை, போடப்பட்டது. விழுகிற தட்டு அவ்வளவு உயரத்திலிருந்து வராது. அது சுழன்று சுழன்று அடங்கும்வரை நான் அசையவில்லை. இமைகூட ஆடவில்லை. உள்ளே என் இதயம் தட்டோடு சேர்ந்து சுழன்றது வேறு விஷயம். எனக்குள் இருந்த வீம்பு, "உன் தட்டுக்கெல்லாம் நான் அசைவேனா?" என்றது.

"ஏங்க, இங்க வாங்களேன்!" என்று அம்மா அப்பாவைக் கூப்பிட்டார். "தங்கச்சி சொன்னது நிஜம்தான். இவளுக்குக் காதே கேக்கல."

அப்பா வந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எதையும் ஒருமுறைக்கு இருமுறை சோதிக்காமல் நம்ப மாட்டார். என் காதருகே சொடுக்குப் போட்டார். பிறகு தன் பழைய விசிலை எடுத்துவந்து ஊதினார். நான் அசையவில்லை. "கனெக்‌ஷனே கட்டாயிருக்கு" என்று தீர்ப்புச் சொன்னார்.

அந்தக் கணத்தில் கண்ணைத் திறந்து சிரித்திருந்தால் முடிந்திருக்கும். திறக்கவில்லை. எவ்வளவு பெரிய சாதனை என்று பூரித்துப்போனேன். பூரிப்பு அன்று மாலைவரைதான் நீடித்தது. மறுநாளிலிருந்து என் அரை மணி நேரம், இந்த வீட்டில் யாருக்கெல்லாம் வாய் விட்டுப் பேச வேண்டுமோ அவர்களுடையதாக ஆகிவிட்டது. என்னைப் பற்றி என் முன்னாலேயே பேசினார்கள். துணி தைக்க வந்த பெண்களை அம்மா கையைப் பிடித்து அழைத்துவந்து என்னைக் காட்டினார். "பேசுங்க பேசுங்க, கேக்காது." ஒரு பெண்மணி குனிந்து என் முகத்தை ஆராய்ந்து, "பொண்ணு லட்சணந்தான். மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிசு" என்றார். "அது அவங்கப்பா வீட்டு மூக்கு. நாங்க என்ன பண்ண முடியும்? நான் அளவெடுத்துத் தைச்சிருந்தா கொஞ்சம் பிடிச்சுத் தைச்சிருப்பேன்" என்றார் உங்கள் அக்கா. இதற்கு நான் மூச்சைக் கவனிக்க வேண்டும். அந்த மூச்சு வருவதே அந்த மூக்கு வழியாகத்தான்.

பிறகு தனித்தனியாக வர ஆரம்பித்தார்கள். அண்ணன் டிரைவிங் ஸ்கூலில் நாள் முழுக்கக் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுப்பவன், என் எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து குசுகுசுவென்று ஒரு விஷயம் சொன்னான். அதை உங்களுக்கு எழுத மாட்டேன். எழுதினால் வார முடிவுக்குள் எல்லா உறவினர் வீட்டுக்கும் போய்விடும். அதில் லைசென்ஸ் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்கும் ஒரு பெண்ணும், அவளுக்கு அவன் வேண்டுமென்றே சொல்லித்தராத ரிவர்ஸ் கியரும் சம்பந்தப்பட்டிருக்கின்றன, அவ்வளவுதான். அப்பா விஷயத்தை மட்டும் எழுதுவேன், ஏனென்றால் அது என் மானம் சம்பந்தப்பட்டது. அம்மாவின் துணி வெட்டும் கத்திரிக்கோல் முனை மழுங்கிப்போனதற்கு, அட்டை வெட்டிக் கெடுத்தவள் என்று பள்ளிக்கூட நாளிலிருந்து நான் திட்டு வாங்கிவருகிறேனே, நீங்களும்கூட ஒருமுறை "பொம்பளப் புள்ளைக்குப் பொருளோட அருமை தெரிய வேணாமா" என்று உபதேசம் செய்தீர்களே, அதைச் செய்தது அப்பா. என் முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "ஏம்மா, அது நான்தான். ஒரு வயரு வெட்ட வேண்டியிருந்துச்சு. கையில அதுதான் கெடச்சுது. உங்கம்மா கேட்டப்ப நீ அந்தப் பக்கமா அட்டையோட போனே. நான் ஒண்ணுமே சொல்லல, அவளா முடிவு பண்ணிட்டா. மன்னிச்சுக்கோ." சொல்லிவிட்டு மனப் பாரம் இறங்கி, சீட்டியடித்துக்கொண்டே டீ போடப் போனார். எனக்குள் இத்தனை வருட நியாயம் கொந்தளிக்கிறது, சித்தி. வாயைத் திறக்க முடியாது. திறந்தால் தட்டிலிருந்து விசில்வரை, மூக்கிலிருந்து ரிவர்ஸ் கியர்வரை எல்லாம் கேட்டேன் என்று ஆகிவிடும். ஒட்டுக்கேட்டவள் என்ற பெயரோடு இந்த வீட்டில் பிறகு எப்படி இருப்பது? ஒவ்வொரு நாளும் கேட்கக் கேட்க, ஒப்புக்கொள்வது இன்னும் கஷ்டமாகிக்கொண்டே போனது. தொடர்ந்து தியானம் செய்ய மனவுறுதி வேண்டும் என்று உங்கள் புத்தகங்கள் சொல்கின்றன. பயம் இருந்தால் போதும். நான் ஒருநாள்கூட விடாமல் உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

இப்போது எழுதப்போவதுதான் எனக்குக் கஷ்டமான பகுதி. இந்தக் கூத்துக்கு நடுவில் ஒருநாள், மிஷின் சத்தம் என்னைத் தொந்தரவு செய்யவில்லை என்பதைக் கவனித்தேன். அடுத்த நாளும் செய்யவில்லை. என் வேலை சரசரவென்று ஓடியது. பக்க எண்கள் தம் இடத்தில் உட்கார்ந்தன. உங்களுக்கு போன் செய்து, "நீங்க சொன்னது சரிதான் சித்தி, சத்தம் வெளிய இல்ல, நமக்குள்ளதான் இருக்கு" என்றுகூடச் சொன்னேன். நீங்கள் அந்தச் சிரிப்பைப் போனிலேயே சிரித்தீர்கள். நாம் இரண்டு படித்த முட்டாள்கள். சத்தம் வெளியேதான் இருந்தது. அது நின்றுபோயிருந்தது. மிஷின் முன்னால் அம்மா உட்கார்ந்திருந்தார், துணி மடியில் இருந்தது, கால் மிதிபலகையில் இருந்தது, மிஷின் ஓடவில்லை. பீரோவுக்கு இந்தப் பக்கம் நான் என் பக்குவத்தை மெச்சிக்கொண்டிருந்தேன்.

அம்மாவும் காலை நேரத்தில் என்னிடம் பேச வருவார் என்று சொல்ல வேண்டும். அவருடையது ஒப்புதல் இல்லை, முணுமுணுப்பு. இஸ்திரி போட்டுக்கொண்டே பேசுவார். "தெரு முக்குல இருக்கிற விளக்குக் கம்பம் வளைஞ்சுபோச்சுடி. யாரும் வந்து பாக்க மாட்டேங்குறான்." இன்னொரு நாள், "இந்தக் கடிகாரம் வாங்கினப்போ முள்ளு நேராத்தானே இருந்துச்சு?" இன்னொரு நாள், "கட்டம் போட்ட துணியெல்லாம் இப்ப மட்டமா வருது. கோடே நேரா இல்ல." கண்ணை மூடிக்கொண்டு இவற்றைக் கேட்டு நான் மனதுக்குள் சிரித்தேன். உலகமே கோணல், இவர் மட்டும் நேர் என்று நினைக்கிறார் பார் என்று நினைத்தேன். அதை ஒரு நல்ல வாக்கியமாகக்கூட மனதில் செதுக்கி வைத்தேன். நினைத்தால் இப்போது கூசுகிறது.

ஒரு காலை இஸ்திரிப் பெட்டி சூடாகும் வாசனை இல்லை. அம்மா நேராக என் எதிரே தரையில் உட்கார்ந்தார். அவர் முழங்கால் சொடுக்கியதைக் கேட்டேன். 

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்தேண்டி" என்றார். "உங்கப்பாகிட்ட மிஷினுக்கு எண்ணெய் வாங்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனேன். வலது கண்ணுக்குள்ள நடுவுல ஓட்டையாம். ஊசியில ஓட்டை தெரியலன்னு போனா, உன் கண்ணுலதான் ஓட்டை இருக்குங்கறான் அந்த டாக்டர்." கொஞ்சம் சிரித்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "சீக்கிரம் பண்ணணுமாம். தள்ளிப்போட்டா ஓட்டை பெரிசாயிடுமாம், அப்புறம் சரி பண்ண முடியாதாம். பண்ணினா கூடவே ஒருத்தர் ராப்பகலா இருக்கணும். உங்கப்பாவால ஆகாது, கையில ஸ்குரூடிரைவர் இல்லன்னா அவருக்கு ஒண்ணும் தெரியாது. நீதான் இருக்கணும். ஆனா உன் சித்தி மூணு மாசம் விடக் கூடாதுன்னு சொல்லியிருக்கா. நடுவுல விட்டா எல்லாம் தண்டமாமே? இப்பத்தான் நீ கத்தாம இருக்கே. முகமே வேற மாதிரி இருக்கு. உனக்கு முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம். இன்னொரு கண்ணு இருக்குல்ல."

நான் கண்ணைத் திறந்தேன்.

"இன்னொரு கண்ணு இருக்கா?" என்று கத்தினேன். "என்னம்மா பேச்சு இது? சட்டைக்கு இன்னொரு பட்டன் இருக்குங்கற மாதிரி! கிளம்பு. இப்பவே கிளம்பு."

அம்மா பயந்து பின்னால் சாய்ந்து இஸ்திரி மேசையின் காலைப் பிடித்துக்கொண்டார். கத்தல் கேட்டு அப்பா ஓடிவந்தார், அண்ணன் வாயில் பிரஷ்ஷோடு வந்தான். என்ன ஏது என்று யாரும் கேட்கவில்லை. மூன்று பேர் முகத்திலும் ஒரே கணக்கு ஓடியதைப் பார்த்தேன்.

"உனக்குக் கேக்குமா?" என்றார் அப்பா. குரல் லிஃப்ட் மாதிரி இறங்கிப்போயிருந்தது.

"எப்பலேருந்து?" என்றான் அண்ணன், நுரையோடு.

வெறும் மூன்று சொல்லில் இந்த வீட்டைக் கொளுத்தியிருக்க முடியும், சித்தி. கத்திரிக்கோல் நினைவு கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. "இன்னிக்கு மட்டுந்தான் கேட்டுச்சு" என்றேன். "இன்னிக்குச் சரியா உட்காரல." இரண்டு ஆண்களும் மூச்சுவிட்டார்கள், அந்த மூச்சை யார் வேண்டுமானாலும் கவனித்திருக்கலாம். பிறகு நான் விஷயத்தைச் சொன்னதும் அப்பா அம்மாவைத் திட்ட வாயெடுத்து, திட்டாமல், சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். பட்டன் எல்லாம் ஒரு ஓட்டை தள்ளிப் போட்டிருந்தார். அம்மாதான் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டார், தடவித் தடவி.

ஆபரேஷன் ஆயிற்று. கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழியை விட்டிருக்கிறார்கள். அது மேலே மிதந்து அந்த ஓட்டையை அழுத்திப் பிடித்திருக்க வேண்டுமென்றால் அம்மா தலையைக் கவிழ்த்தே இருக்க வேண்டும். உட்கார்ந்தாலும் படுத்தாலும் முகம் தரையைப் பார்த்து. அசையக் கூடாது. எழுந்து நடமாடக் கூடாது. சும்மா இருக்க வேண்டும். வாழ்க்கையில் ஒருநாள்கூடச் சும்மா உட்காராத உங்கள் அக்காவுக்கு இந்தத் தண்டனை. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இதுவும் பலித்திருக்காது என்று டாக்டர் சொன்னார். "ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?" என்று என்னைத்தான் கேட்டார். தியானத்தில் இருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

ஆகவே சித்தி, எனக்கும் உங்கள் தியானத்துக்கும் இன்றோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்துக்கொண்டிருக்க, எதிரில் இன்னொருத்தியின் கண் போய்க்கொண்டிருக்கும் என்றால் அந்த அமைதி எனக்கு வேண்டாம். திண்டை வேறு யாருக்காவது கொடுங்கள். கொடுக்கும்போது அவர் வீட்டில் யாரிடமும் காது கேட்காது என்று மட்டும் சொல்லிவைக்காதீர்கள். இனி எனக்குக் கோபம் வந்தால் கத்துவேன். அது எல்லோருக்கும் பாதுகாப்பு.

சித்தப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். எந்த முகாமுக்கும் போகாமல், உங்களோடு ஒரே வீட்டில் இத்தனை வருடம் அமைதியாக இருப்பவர் அவர். எனக்கு எப்போதாவது குரு தேவைப்பட்டால் அவரிடம்தான் வருவேன். நீங்கள் இருவரும் ஆரோக்கியத்தோடும், ஒருவர் பேசுவது ஒருவர் காதில் விழும்படியும் நீண்ட காலம் இருக்க வேண்டும்.

என்றும் உங்கள் மேல் அன்பும் இப்போதைக்கு வருத்தமும் உள்ள,
பீரோவுக்குப் பின்னால் இருப்பவள்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் இதையும் எழுத வேண்டியதாகிவிட்டது. திண்டு வராது. அம்மா முகம் புதைத்துப் படுக்க வைத்திருந்த தலையணை அமுங்கி அமுங்கி மூக்கை அடைத்தது. மூச்சு முட்டுகிறது என்றார். அப்பா வாசலுக்குப் போய்ப் பார்சலை எடுத்துவந்து கயிற்றை வெட்டினார். எதைக் கொண்டு வெட்டினார் என்று நான் பார்க்கவில்லை, பார்க்கப்போவதும் இல்லை. உமி தலையணை மாதிரி அமுங்காது. ஆனால் நடுவில் மூக்குக்குப் பள்ளம் வேண்டும். அம்மா தரையைப் பார்த்தபடியே சொல்லச் சொல்ல நான் தையலைப் பிரித்து, இரண்டு கைப்பிடி உமியை எடுத்துவிட்டு, ஊசியில் நூல் கோத்து மறுபடி தைத்தேன். அவர் விரலால் தடவிப் பார்த்து, "கோணலா இருக்கு" என்றார். "நேராத்தான் இருக்கு, உனக்குத்தான் வளைஞ்சு தெரியுது" என்றேன். "விரலுக்குமாடி ஓட்டை விழுந்துச்சு?" என்றார். எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கவும் கூடாதாம், தலை ஆடும்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தேன். வேறு வேலை இல்லாததால் கண்ணை மூடியிருந்தேன். வேறு காரணம் இல்லை. அம்மா திண்டுக்குள்ளிருந்து பேசினார்: "அந்தத் தட்டு போட்டேன்ல, அன்னிக்கு உன் முகம் அசையல. ஆனா கால் கட்டைவிரல் மடங்குச்சு."

நான் பாதங்களை உள்ளே இழுத்துக்கொண்டேன்.

"ஒவ்வொரு தடவையும் மடங்குச்சு. அந்தம்மா மூக்கைச் சொன்னப்போ ரெண்டு கட்டைவிரலும் மடங்குச்சு. உங்கப்பாவும் அண்ணனும் ஏமாந்தாங்க. ஒத்தைக் கண்ணா இருந்தா என்ன, எனக்குத் தெரியாதா? கண்ணைப் பத்தி உன் முகத்தைப் பாத்துச் சொல்ல எனக்கு வரல. நீ கத்துவே, நான் அழுவேன். அதான் விளக்குக் கம்பம், கடிகாரம், துணின்னு சுத்திச் சுத்திச் சொல்லிப் பாத்தேன். விரல் மடங்கவே இல்ல. உனக்கு உறைக்கல. அப்புறந்தான் வேற வழியில்லாம நேரா வந்து உட்கார்ந்தேன்."

"அப்போ கத்திரிக்கோல்?" என்றேன்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும். முனையில வயரோட செம்பு ஒட்டியிருந்துச்சு. உன்னைத் திட்டினா நீ எதுத்துக் கத்துவே, சரியாயிடும். அவரைத் திட்டினா ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாரு." கொஞ்ச நேரம் கழித்து, "நாளைக்கும் காலையில உட்காருவேல்ல? இப்படியே தரையைப் பாத்துக்கிட்டு இருக்க முடியல. எதாச்சும் சொல்லிக்கிட்டு இருப்பேன்" என்றார்.

ஆகவே சித்தி, மேலே எழுதியதில் கடைசிப் பகுதியை மட்டும் படிக்காததுபோல வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு உமித் திண்டு அனுப்பிவையுங்கள், சீக்கிரம். வெறும் தரையில் முழங்கால் வலிக்கிறது. கூடவே ஒரு ஜோடி கெட்டியான சாக்ஸும்.